யாருடைய சாவி இது? சர்வரில் பயனர்களின் எஸ்எஸ்எச் சாவிகளைப் பராமரிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தின் லினக்ஸ் சர்வரைப் பொறுப்பேற்றேன். முதல் நாள் நான் திறந்து பார்த்தது, அந்தச் சர்வருக்குள் எஸ்எஸ்எச் வழியாக, அதாவது வேறொரு கணினியிலிருந்து வலையமைப்பு மூலம், யார் யார் நுழையலாம் என்று சொல்லும் கோப்பைத்தான். அதில் 17 வரிகள் இருந்தன, வரிக்கு ஒரு சாவி. அலுவலகத்தில் இருந்தவர்களோ எட்டுப் பேர். ஐந்து வரிகளின் கடைசியில் 'ரூட்@லோக்கல்ஹோஸ்ட்' என்று மொட்டையாக எழுதியிருந்தது. அவை யாருடையவை என்று விசாரித்து முடிக்க மூன்று நாள் ஆனது. அவற்றில் ஒன்று, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பயிற்சி முடித்துப் போய்விட்ட ஒருவருடையது. அவர் நல்லவர், எந்தத் தீங்கும் செய்யவில்லை. ஆனால் அத்தனை நாளும் வீட்டுச் சாவி அவர் பையில்தான் இருந்தது. அது அவருக்கே நினைவில்லை.

சாவியைச் சேர்ப்பது இரண்டு நிமிட வேலை, எந்த வழிகாட்டியைப் பார்த்தாலும் செய்துவிடலாம். யாருடைய சாவி எங்கே இருக்கிறது என்று என்றைக்கும் தெரிந்திருப்பதும், தேவை முடிந்ததும் அதை மிச்சமில்லாமல் எடுப்பதும்தான் கடினம். இந்தக் கட்டுரையில் அந்தப் பக்கத்துக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். உபுண்டு அல்லது டெபியன் சர்வர், அதில் ஓப்பன்எஸ்எஸ்எச், ஐந்து முதல் இருபது பயனர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

பூட்டு எது, சாவி எது

எஸ்எஸ்எச் பிறந்ததே கடவுச்சொல் திருட்டால்தான். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டார்கள். அங்கிருந்த டாட்டு உலோனென் அதற்கு மாற்றாக எழுதிய நிரல்தான் எஸ்எஸ்எச். இன்று நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எச், 1999இல் ஓப்பன்பிஎஸ்டி குழுவிடமிருந்து வந்தது.

சாவி முறையில் இரண்டு கோப்புகள் சோடியாக உருவாகும். ஒன்றைத் தனிச்சாவி என்றும் மற்றதைப் பொதுச்சாவி என்றும் சொல்கிறோம். இந்தப் 'பொதுச்சாவி' என்ற பெயர்தான் புதியவர்களைக் குழப்புகிறது என்பது என் எண்ணம். அதைப் பூட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டை எத்தனை கதவில் வேண்டுமானாலும் மாட்டலாம், ஊரே பார்க்கலாம். சாவி மட்டும் உரியவரின் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. நுழையும் நேரத்திலும் தனிச்சாவி சர்வருக்குப் போவதில்லை. அதைக் கொண்டு அந்த இணைப்புக்கென்று ஒரு கையொப்பம் இடப்படுகிறது. சர்வர் தன்னிடமுள்ள பொதுச்சாவியை வைத்து அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. அதனால்தான் வழியில் ஒட்டுக்கேட்பவருக்குத் திருட ஒன்றும் கிடைப்பதில்லை.

சாவியைப் பயனரே உருவாக்கட்டும்

புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்ததும், நிர்வாகியே ஒரு சோடியை உருவாக்கித் தனிச்சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கேட்டால் 'அவருக்குத் தெரியாது, நானே செய்து கொடுத்தேன்' என்பார்கள். அனுப்பிய கணத்திலேயே அந்தச் சாவி இரண்டு கைபேசியிலும் அவற்றின் காப்பு நகல்களிலும் குடியேறிவிடுகிறது. பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பயனரையே செய்ய வையுங்கள்.

கவிதா என்று ஒரு பயனர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கணினியின் முனையத்தில் தட்ட வேண்டியது:

எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519 -சி "கவிதா-லேப்டாப்-2025-06"

இதில் '-டி' என்பது t, 'ஈடி' என்பது ed, '-சி' மட்டும் பெரிய எழுத்து. ஈடி25519 என்பது சாவியின் வகை, ஓப்பன்எஸ்எஸ்எச் 6.5 பதிப்பில், 2014இல் வந்தது. சாவி சிறியது, வேகமானது. பழைய ரவுட்டர் போன்ற கருவிகள் இதை ஏற்காவிட்டால் மட்டும் ஆர்எஸ்ஏ வகைக்குப் போங்கள், 3072 பிட்டுக்குக் குறையாமல். டிஎஸ்ஏ வகையைக் கண்டால் தூக்கிப் போடுங்கள். 2015இல் வந்த 7.0 பதிப்பிலேயே அது இயல்பாக முடக்கப்பட்டுவிட்டது.

மேற்கோளுக்குள் இருப்பது குறிப்பு. ஆள், கருவி, மாதம் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். நான் பார்த்த அந்த ஐந்து மொட்டை வரிகளும் குறிப்பைக் கவனிக்காததன் பலன்.

அடுத்து கடவுத்தொடர், அதாவது தனிச்சாவிக்கே போடும் கடவுச்சொல், கேட்கும். எல்லோரும் இங்கே என்டரைத் தட்டிவிட்டுப் போவார்கள். விடாதீர்கள். மடிக்கணினி தொலைந்தால், நீங்கள் சர்வரிலிருந்து சாவியை எடுக்கும்வரை இடையில் நிற்பது அந்தத் தொடர் ஒன்றுதான். தினமும் பத்துமுறை தட்ட வேண்டுமே என்று கவிதா முறையிட்டால், எஸ்எஸ்எச்-ஏஜென்ட்டைக் காட்டிக் கொடுங்கள். காலையில் எஸ்எஸ்எச்-ஆட் என்று ஒருமுறை தட்டித் தொடரைக் கொடுத்தால் அன்றைய வேலை முடியும்வரை அது நினைவில் வைத்திருக்கும். முன்பே தொடரில்லாமல் உருவாக்கிய சாவியா? எஸ்எஸ்எச்-கீஜென் -பி (p) என்றால் இப்போதும் சேர்க்கலாம், சாவி மாறாது.

விண்டோஸில் புட்டி பயன்படுத்துவோருக்கு ஒரு குழி இருக்கிறது. புட்டிஜென்னில் 'சேவ் பப்ளிக் கீ' என்ற பொத்தானை அழுத்தினால் பல வரிகளில் உடைந்த வேறொரு வடிவம்தான் கிடைக்கும். அதை அப்படியே சர்வரில் ஒட்டினால் வேலை செய்யாது. சாளரத்தின் மேல்பெட்டியில் தெரியும் ஒற்றை நீள வரியை முழுதாக நகலெடுக்கச் சொல்லுங்கள். விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளிலேயே எஸ்எஸ்எச் நிரல் இருப்பதால், புதியவர்களுக்குப் புட்டியே தேவையில்லை என்பேன்.

வாங்கும்போது சரிபார்க்க

பயனர் உங்களுக்கு அனுப்ப வேண்டியது '.பப்' என்று முடியும் கோப்பை மட்டும். திறந்தால் ஒரே வரி. அந்த வரியில் மூன்று துண்டுகள்: முதலில் வகையின் பெயர், அடுத்து நீளமான எழுத்துக் குவியல், கடைசியில் குறிப்பு. ஈடி25519 என்றால் நடுத்துண்டு 68 எழுத்து. அந்த 68இல் முதல் 25 எழுத்துகள் உலகில் உள்ள எல்லா ஈடி25519 சாவிகளுக்கும் ஒன்றேதான். 'முன்னால் பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்று சொல்வதில் பொருளில்லை. ஒப்பிடுவதென்றால் வால் பக்கத்தை ஒப்பிட வேண்டும். பின்னால் இது நமக்கு உதவப் போகிறது, நினைவில் வையுங்கள்.

'பிகின் ஓப்பன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ' என்று தொடங்கும் கோப்பு உங்களுக்கு வந்தால், பயனர் தவறாகத் தனிச்சாவியை அனுப்பிவிட்டார். நீக்கச் சொன்னால் போதாது. அந்தச் சோடியையே கைவிட்டுப் புதிதாக உருவாக்கச் சொல்லுங்கள்.

மின்னஞ்சலில் வந்த வரி கவிதாவுடையதுதானா? எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப் என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், சாவியின் கைரேகை, அதாவது அந்தச் சாவிக்கே உரிய சுருக்கமான அடையாளம், கிடைக்கும். கவிதாவும் தன் கணினியில் அதையே செய்யட்டும். தொலைபேசியில் கடைசி எட்டு எழுத்துகளைப் படித்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே அறையில் இருப்பவர் என்றால் எட்டிப் பார்த்தாலே போதும்.

சர்வரில் வைப்பது

முதல் விதி: ஆளுக்கு ஒரு கணக்கு. 'டிப்ளாய்' என்று ஒரு பொதுக் கணக்கை வைத்துக்கொண்டு எட்டுப் பேரின் சாவியையும் அதில் குவிப்பது வசதியாகத்தான் இருக்கும். எதை யார் செய்தார் என்று தேடவேண்டிய நாளில் அந்த வசதி காலை வாரிவிடும்.

சூடோ ஆட்யூசர் --டிசேபிள்டு-பாஸ்வேர்ட் கவிதா என்று கணக்கைத் தொடங்குங்கள். சூடோ உரிமை, அதாவது நிர்வாகியின் அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் உரிமை, வேண்டியவர்களுக்கு மட்டும் பிறகு ஒரு கடவுச்சொல் வைத்துக்கொடுங்கள். கீழே சொல்லும் மாற்றத்தைச் செய்தபின் அந்தக் கடவுச்சொல் எஸ்எஸ்எச் வாசலில் செல்லாது. பிறகு கவிதாவின் வீட்டுக் கோப்புறைக்குள் ('/ஹோம்/கவிதா') '.எஸ்எஸ்எச்' என்ற கோப்புறையை உருவாக்கி, அதனுள் 'ஆதரைஸ்டு_கீஸ்' என்ற கோப்பில் அந்த ஒற்றை வரியை ஒட்டுங்கள். கோப்புறைக்கு 700, கோப்புக்கு 600 என்று, உரியவர் மட்டுமே தொடும்படி உரிமை கொடுத்து, சௌன் கட்டளையால் இரண்டையும் கவிதாவின் பெயருக்கு மாற்றுங்கள். ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள தலைமைக் கணக்கில்) இருந்து உருவாக்கிவிட்டு இந்தக் கடைசி வேலையை மறப்பவர்கள் ஏராளம்.

எல்லாம் சரியாக இருந்தும் 'பெர்மிஷன் டினைடு' என்று வந்தால், பத்தில் எட்டுமுறை காரணம் உரிமைகள்தான். வீட்டுக் கோப்புறையிலோ '.எஸ்எஸ்எச்'சிலோ வேறொருவர் எழுதலாம் என்றிருந்தால், சாவி சரியாகவே இருந்தாலும் சர்வர் அதைச் சட்டை செய்யாது. பயனரின் திரையில் காரணம் தெரியாது. சர்வரில் ஜர்னல்சிடிஎல் -யூ எஸ்எஸ்எச் என்று பதிவைப் பார்த்தால் 'பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்' என்று எந்தக் கோப்புறையில் கோளாறு என்பது வரை எழுதியிருக்கும். அடுத்த சந்தேகம் ஒட்டும்போது நடுவில் உடைந்த வரி. ஒரு சாவி, ஒரே வரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எக்கோ கட்டளையால் சாவியைச் சேர்க்கும்போது '>>' என்று இரண்டு குறி போடவேண்டிய இடத்தில் ஒருமுறை '>' என்று ஒன்றைப் போட்டேன். பழைய வரிகள் எல்லாம் போய்ப் புதிய வரி ஒன்று மட்டும் நின்றது. அன்றிலிருந்து எடிட்டரில் திறந்துதான் ஒட்டுகிறேன். பயனர் தன் கணினியிலிருந்தே சேர்க்க முடிந்தால் எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி கட்டளை இந்த வேலைகளையெல்லாம் தானே செய்துவிடும்.

கடவுச்சொல் வாசலை அடைப்பது

சாவி வைத்துவிட்டுக் கடவுச்சொல் நுழைவையும் திறந்தே வைத்திருப்பது, முன்கதவுக்கு இரும்புப் பூட்டு போட்டுக் கொல்லைக்கதவைத் தாழிடாமல் விடுவதுதான். ஆனால் இந்த வேலையில்தான் நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுபவர்கள் அதிகம். இப்போது உள்ளே இருக்கும் இணைப்பை மூடவே மூடாதீர்கள். இன்னொரு சாளரத்தில் சாவியால் நுழைய முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

'/ஈடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்' கோப்பில் 'பாஸ்வேர்ட்ஆதன்டிகேஷன்', 'கேபிடிஇன்டராக்டிவ்ஆதன்டிகேஷன்' ஆகிய இரண்டுக்கும் 'நோ' என்று போடுங்கள். 'பெர்மிட்ரூட்லாகின்' என்பதற்கும் அதுவே. இங்கே ஒரு பொறி உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எச் ஒரு அமைப்பை முதலில் எங்கே பார்க்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும், பின்னால் வருவதைக் கணக்கில் எடுக்காது. உபுண்டுவில் 'எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி' என்ற துணைக் கோப்புறையில் உள்ளவை முதலில் படிக்கப்படும். கிளவுடு சர்வர்களில் '50-கிளவுட்-இனிட்.கான்ஃப்' என்ற கோப்பு அங்கே உட்கார்ந்து கடவுச்சொல்லுக்கு 'யெஸ்' சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். நீங்கள் முதன்மைக் கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் பயனிருக்காது.

ஆகவே சூடோ எஸ்எஸ்எச்டி -டி (sshd -t) என்று சிறிய எழுத்தில் கொடுத்து எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து அதே '-டி'யைப் பெரிய எழுத்தில் கொடுத்தால் உண்மையில் நடப்பில் வரப்போகும் அமைப்புகள் முழுவதும் வரும். அதில் 'நோ' இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு சிஸ்டம்சிடிஎல் ரீலோட் எஸ்எஸ்எச். புதுச் சாளரத்தில் நுழைந்து பார்த்தபின் பழையதை மூடலாம்.

பதிவேடு

ஒரு விரிதாள் போதும். பயனர், கருவி, சாவியின் கைரேகை, எந்தச் சர்வரில் எந்தக் கணக்கு, சேர்த்த நாள், யார் சொல்லிச் சேர்த்தது. பெயரையும் நாளையும் மட்டும் எழுதிக் கைரேகையை விட்டுவிடுபவர்கள், தேவைப்படும் நாளில் தலையைச் சொறிவார்கள். குறிப்பு வெறும் எழுத்துதான். யாரும் எப்படியும் மாற்றலாம், சர்வர் அதைச் சரிபார்ப்பதில்லை. கைரேகையை மாற்ற முடியாது.

அதோடு, ஒவ்வொரு நுழைவின்போதும் சர்வர் தன் பதிவில் 'அக்செப்டெட் பப்ளிக்கீ' என்று தொடங்கிப் பயனர், ஐபி முகவரி, கைரேகை ஆகியவற்றை எழுதிவைக்கிறது. என் அந்த மூன்று நாள் விசாரணையில் கைகொடுத்தது இதுதான். எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப் கட்டளைக்கு 'ஆதரைஸ்டு_கீஸ்' கோப்பையே கொடுத்தால் அதிலுள்ள எல்லாச் சாவிகளின் கைரேகையும் வரிசையாக வரும். அவற்றைப் பதிவில் தேடினேன். ஐந்து மொட்டை வரிகளில் இரண்டு தினமும் இரவு 2 மணிக்கு ஒரே முகவரியிலிருந்து வந்துகொண்டிருந்தன. காப்பு நகல் எடுக்கும் இயந்திரங்கள். மீதி மூன்றின் நடமாட்டமே பதிவில் இல்லை.

பழைய சர்வர்களில் 2006க்கும் 2008க்கும் இடையில் டெபியன், உபுண்டு கணினிகளில் உருவான சாவிகள் கிடைத்தால் கேள்வி கேட்காமல் நீக்குங்கள். டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் நேர்ந்த ஒரு திருத்தத்தால், குறிப்பிட்ட வகையிலும் அளவிலும் உருவாகக்கூடிய சாவிகள் மொத்தமே 32,768 தான் என்று 2008 மே மாதத்தில் வெளிப்பட்டது. அத்தனையையும் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க அப்போதைய கணினிக்கே அதிக நேரம் ஆகாது.

எடுப்பது

ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். பாஸ்டபிள்யூடி -எல் (passwd -l) என்று கணக்கைப் பூட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறீர்கள். அந்தக் கட்டளை பூட்டுவது கடவுச்சொல்லை மட்டும். உபுண்டுவின் வழக்கமான அமைப்பில் சாவி வைத்திருப்பவர் முன்போலவே நுழைவார். கணக்கையே காலாவதியாக்க வேண்டும்: சூடோ யூசர்மாட் --எக்ஸ்பயர்டேட் 1 கவிதா. இத்துடன் அவர் கணக்குக்கான எஸ்எஸ்எச் வாசல் அடைபடும்.

அடுத்து சாவி. 'ஆதரைஸ்டு_கீஸ்' கோப்பில் செய்யும் மாற்றம் உடனே நடப்புக்கு வரும், சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அது புதிய நுழைவுகளுக்கு மட்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் உள்ளேயே இருப்பார். ஹூ என்று தட்டிப் பாருங்கள். இருந்தால் லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர் கட்டளையால் இணைப்பை முறியுங்கள். பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளையும் குறித்த நேரத்தில் தானே ஓடும்படி கிரான்டேபில் போட்டிருப்பவற்றையும் ஒரு பார்வை பாருங்கள்.

இதன் பிறகுதான் உண்மையான தேடல். அதே சாவியை அவர் ரூட் கணக்கிலும், 'டிப்ளாய்' கணக்கிலும், என்றோ ஓர் அவசரத்துக்கு உதவிய சக ஊழியரின் கணக்கிலும் வைத்திருக்கலாம். குறிப்பை வைத்துத் தேடாதீர்கள், அது மாறியிருக்கலாம். 68 எழுத்தின் கடைசிப் பத்தை எடுத்து, க்ரெப் கட்டளையால் '/ஹோம்', '/ரூட்' இரண்டிலும் எல்லாக் கோப்பிலும் தேடுங்கள். எல்லாச் சர்வரிலும். 'ஆதரைஸ்டு_கீஸ்2' என்று கடைசியில் 2 சேர்த்த கோப்பு ஒன்றையும் ஓப்பன்எஸ்எஸ்எச் இயல்பாகவே படிக்கும். பழைய காலத்து மிச்சம். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

மடிக்கணினி தொலைந்தாலும் செய்யவேண்டியது இதேதான், கணக்கைக் காலாவதியாக்குவதை மட்டும் விட்டுவிட்டு. முதலில் சாவியை எடுங்கள், காவல் நிலையப் புகாரெல்லாம் பிறகு. தொலைத்தவரைத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்தமுறை இரண்டு நாள் கழித்துத்தான் சொல்வார்கள்.

இயந்திரங்களின் சாவிகள்

காப்பு நகல் நிரல் போன்றவற்றுக்குக் கடவுத்தொடர் வைக்க முடியாது, தட்ட ஆளில்லை. அதனால் அந்தச் சாவியின் கையைக் கட்டிப்போட வேண்டும். 'ஆதரைஸ்டு_கீஸ்' வரியின் தொடக்கத்தில், வகையின் பெயருக்கு முன்னால், சில நிபந்தனைகளை எழுதலாம். 'ரெஸ்ட்ரிக்ட்' என்றால் முனையம், சுரங்க வழி (அந்த இணைப்புக்குள் வேறு இணைப்புகளைக் கடத்துவது) எல்லாம் மறுக்கப்படும். 'ஃப்ரம்' என்று ஐபி முகவரி கொடுத்தால் அங்கிருந்து மட்டுமே செல்லும். 'கமாண்ட்' என்று ஒரு கட்டளையைக் கொடுத்தால், அந்தச் சாவியால் நுழைபவர் என்ன கேட்டாலும் அந்தக் கட்டளை மட்டுமே ஓடும். 'எக்ஸ்பைரி-டைம்' என்று நாளைக் கொடுத்தால் அதன்பின் சாவி செல்லாது. ஒப்பந்தக்காரர், பயிற்சியாளர் சாவிகளுக்கெல்லாம் நான் இந்தக் கடைசி நிபந்தனையைப் போட்டே கொடுக்கிறேன்.

சர்வர்கள் பெருகினால்

ஐந்தாறு சர்வர் வரை கையால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால், சாவிக் கோப்புகளைப் பயனரின் வீட்டுக் கோப்புறையிலிருந்து எடுத்து '/ஈடிசி/எஸ்எஸ்எச்' கீழ் ரூட்டுக்கு மட்டும் உரிய ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். 'ஆதரைஸ்டுகீஸ்ஃபைல்' என்ற அமைப்பு அதற்குத்தான். நிர்வாகிக்குத் தெரியாமல் யாரும் நண்பரின் சாவியைச் சேர்க்க முடியாது. அந்தக் கோப்புகளை ஆன்சிபிள் போன்ற கருவியால் ஓரிடத்திலிருந்து எல்லாச் சர்வருக்கும் அனுப்பலாம்.

இன்னும் பெரிய இடங்களுக்குச் சான்றிதழ் முறை இருக்கிறது. 2010இல் வந்த 5.4 பதிப்பிலிருந்தே உண்டு. சர்வர்கள் ஒரே ஒரு தலைமைச் சாவியை மட்டும் நம்பும். அந்தச் சாவி பயனரின் சாவிக்கு, ஒரு நாள் செல்லும் என்பதுபோல் கெடு வைத்துக் கையொப்பமிட்டுக் கொடுக்கும். மறந்துபோன சாவி என்ற பிரச்சினையே இராது. ஆனால் அந்தத் தலைமைச் சாவி களவுபோனால் எல்லாம் போயிற்று. இருபது பேர் உள்ள அலுவலகத்துக்கு இப்போதே இதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

ஒரு சர்வர் வழியாக இன்னொரு சர்வருக்குப் போகவேண்டியவர்கள் தனிச்சாவியை நடுச் சர்வரில் நகலெடுத்து வைப்பதைப் பார்க்கலாம். அது கூடாது. எஸ்எஸ்எச் கட்டளையில் ஏஜென்ட்டை முன்னனுப்பும் '-ஏ' பெரிய எழுத்தும் நல்ல பழக்கமில்லை. நடுச் சர்வரில் ரூட்டாக இருப்பவர் அந்த நேரத்தில் உங்கள் சாவியைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். '-ஜே' என்ற பெரிய எழுத்தைச் சொல்லிக் கொடுங்கள். நடுச் சர்வர் வெறும் பாலமாக மட்டும் இருக்கும்.

கடைசியாக, உங்களுக்கே ஒரு சாவி. நீங்கள் விடுப்பில் இருக்கும்போதோ உங்கள் கணினி படுத்துவிட்டாலோ யாராவது உள்ளே போயாக வேண்டும். அவசரத்துக்கென்று தனியாக ஒரு சோடியை உருவாக்கிப் பதிவேட்டில் எழுதி, தனிச்சாவியை ஒரு பென்டிரைவில் போட்டு உறையில் ஒட்டி அலுவலகப் பெட்டகத்தில் வையுங்கள். அதன் கடவுத்தொடரைத் தாளில் எழுதி வேறொருவரிடம் கொடுங்கள், அதே உறைக்குள் வைத்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவேட்டையும் சர்வரையும் ஒப்பிடும் நாளில், அந்த உறையைப் பிரித்து ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டு மறுபடி ஒட்டிவையுங்கள்.